இருபத்தெட்டும் இருபத்தாறும்

ஒற்றையடிப் பாதையில் இரண்டு சைக்கிள்கள் எதிரெதிரே வந்தால் யார் வழி விட வேண்டும்? மேட்டிலிருந்து இறங்குகிறவரா, பள்ளத்திலிருந்து ஏறுகிறவரா? கோரிமேட்டுக்கு அப்பால், முந்திரித் தோப்புக்குள் புகுந்து போகும் செம்மண் பாதையில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆனி மாதத்துச் சாயங்காலம் ஒன்றில் இந்தக் கேள்வி வந்தது. ஒருவராவது வழி விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கலியபெருமாள் இறங்கிக்கொண்டிருந்தான். நெல்லித்தோப்பில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். வயது இருபத்தாறு. பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி கடற்கரைச் சாலையில் நடக்கும் சைக்கிள் பந்தயத்தில் இரண்டு வருஷமாக அவன்தான் முதல். அதற்காகத் தினமும் இந்தச் செம்மண் மேட்டில் ஏறி இறங்கிக் காலுக்கு உரம் ஏற்றுவான். அவன் ஏறியிருந்தது ஊரே திரும்பிப் பார்க்கும் ஆகாய நீலச் சைக்கிள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பென்சன் வாங்கிய சொல்தா தேவதாஸ், பிள்ளைகளோடு பிரான்சுக்குக் கிளம்பியபோது அவனிடம் விட்டுப் போனது. பெரிய சக்கரம், முன்னால் அதைப் பிடித்திருக்கும் நன்றாக வளைந்த ஃபோர்க். அதை வேறு யாராவது தொட்டால் கையை ஒடித்துவிடுவான்.

பூவாயி ஏறிக்கொண்டிருந்தாள். பச்சைப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். சின்னச் சக்கரம் வைத்த லேடீஸ் சைக்கிள், முன் கூடையில் ஒரு மரப்பெட்டி. மழை தூறத் தொடங்கியிருந்தது...

"வழி... வழி..." என்றான் அவன்.

"நீங்க விடுங்க. ஏர்றவங்களுக்குத்தான் வழி" என்றாள் அவள்.

டங்.

நீலச் சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் சைக்கிள்தான் சரிந்தது. பெட்டி கூடையிலிருந்து எகிறி ஒரு வேரின் மேல் விழுந்தது. உள்ளே கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது.

"அடி பட்டுச்சாங்க?"

"எனக்கா, பெட்டிக்கா?"

"உங்களுக்குத்தான்."

"பெட்டிக்குத்தான் பட்டுது." அவள் மண்டியிட்டுத் திறந்து பார்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினாள். "ஏழு போயிடுச்சு. ஏழு பேரோட ரத்தம்..."

அவன் முகம் வெளுத்ததைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. மலேரியா ஆபீசில் அவளுக்கு வெளி வேலை. தோப்புக்குள் இருக்கும் குடிசைகளில் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டுப் போய், விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிக் காய வைத்து, பேர் எழுதிய காகிதத்தில் சுற்றி ஆபீசுக்குக் கொண்டுபோக வேண்டும். கண்ணாடி உடைந்தால் திரும்பப் போய்க் குத்த வேண்டும்... ஒரே விரலை இரண்டாம் முறை குத்த யார்தான் நீட்டுவார்கள்?

"தப்பு என்னுதுதான். என் விரலு இருக்குது. ஏழு தடவ குத்திக்குங்க" என்று கையை நீட்டினான் கலியபெருமாள்.

அப்போதுதான் அவள் முதல்முறையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பெரிய கண்கள். இமை நுனியில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது.

"காய்ச்சக்காரங்க ரத்தம்தாங்க வேணும். உங்களுக்கு இருக்கிறது காய்ச்சல் இல்ல, கொழுப்பு. அதுக்கு வேற ஆபீசு."

கடைக்கு வருகிற யாரையும் ஒரு வார்த்தையில் மடக்குகிறவன் அவன். அன்று நீட்டிய கையைத்தான் மடக்கிக்கொண்டான். துளி விழுந்துவிட்டது. அவனும்தான்.

அவள் சைக்கிளின் முன் சக்கரம் கோணிப் போயிருந்தது. ஏழு குடிசைக்கும் நடந்தே போனார்கள். அவன் இரண்டு சைக்கிளையும் கைக்கொன்றாகத் தள்ளிக்கொண்டு பின்னால் போனான். பனையேறி சின்னக்கண்ணு இரண்டாம் குத்து என்றதும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். பூவாயியும் கட்டிலுக்கு அடியில் தலையை நீட்டினாள். "அண்ணே, இவ்ளோ ஒசரம் பன ஏர்றீங்க... இந்த ஊசி ஒரு எறும்பு ஒசரம்" என்றாள். விரல் மட்டும் வெளியே வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு வாசலில் நனைந்து நின்றவனுக்கு, இந்தப் பெண்ணுக்காக இன்னும் எழுபது குடிசைக்கு நடக்கலாம் என்று தோன்றியது.

மறுநாள் அவள் கடைக்கு வந்தபோது சைக்கிள் இன்னும் தயாராகவில்லை. அவன் வேண்டுமென்றேதான் தயார் செய்யவில்லை.

"சாயங்காலம் தர்றேன்னீங்க..."

"பெண்டு எடுத்துடலாம். ஆனா திரும்பவும் உடையும். நேத்து நான் இடிச்சதால உடஞ்சுது. மத்த நாள்ல?"

அவன் கேட்டது சரிதான். மற்ற நாட்களிலும் உடைகிறது. வேரில் ஏறி இறங்கும்போது ஒன்று, ஓடைக் கல்லில் ஒன்று. பெட்டியைத் தோளில் மாட்டினால் இடுப்பில் இடித்து இன்னும் இரண்டு. அதனால் அவள் வேலையே ஆடிக்கொண்டிருந்தது.

"சூப்பர்வைசர் ராமதாஸ் சார் சொல்லிட்டாரு. ஆடி பொறக்கறதுக்குள்ள வெளி வேலைக்கு ஆள் நிரந்தரம் பண்றாங்களாம். இப்படியே உடஞ்சா என்னை ஆபீசுல ஒக்கார வச்சுக் கண்ணாடி கழுவ விட்டுருவாராம்." அவள் குரல் இறங்கியது. "நாலு செவுத்துக்குள்ள ஒக்காந்தா எனக்கு மூச்சு முட்டும். அந்தத் தோப்புல என்னைத் தவிர வேற யாருக்கும் அவங்க விரலு நீட்ட மாட்டாங்க."

கலியபெருமாள் எழுந்தான். ஒரு ஸ்பேனரைத் தரையில் குறுக்காக வைத்தான். சுவரில் மாட்டியிருந்த இரண்டு சக்கரங்களை எடுத்தான். ஒன்று இருபத்தாறு அங்குலம், ஒன்று இருபத்தெட்டு.

"பாருங்க."

சின்னதை உருட்டினான். ஸ்பேனரில் முட்டித் துள்ளிச் சாய்ந்தது. பெரியதை உருட்டினான். லேசாக ஏறி, லேசாக இறங்கி, நேரே போய் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றது.

"சின்னச் சக்கரம் பள்ளத்துல விழுந்து எந்திரிக்கும். பெருசு பள்ளத்த மிதிச்சுக்கிட்டே போயிடும். வேரு, கல்லு எல்லாம் அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. இருபத்தெட்டு போட்டுருவோம்."

"வேரைத் தாண்டிடும், சரி. ரெட்டப் பனை முடுக்குல திரும்புமா?"

இரட்டைப் பனை முடுக்கு என்பது பாதை ஓடைக்கு இறங்கும் இடம். இரண்டு பனைகளுக்கு நடுவே புகுந்து சட்டென்று இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் எதிரே கள்ளிப் புதர்.

"திரும்பும். திருப்பத் தெரிஞ்சா திரும்பும்."

"எனக்குத் தெரியும். சக்கரத்துக்குத் தெரியணுமே. சின்னதுன்னா நெனச்ச ஒடனே திரும்புது. எனக்கு என் இருபத்தாறே போதும்... கோட்டத்த மட்டும் எடுத்துக் குடுங்க."

அவள் போய்விட்டாள். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாளா? பார்த்தாள் என்றுதான் அவன் சத்தியம் செய்கிறான்.

இங்கேதான் நம் கதாநாயகன் ஒரு காரியம் செய்தான். சைக்கிள் கடைக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. வண்டிக்காரி கேட்டதைச் செய்யாமல், வண்டிக்கு எது நல்லதென்று தனக்குத் தோன்றியதோ அதைச் செய்துவிட்டான். அவளைக் கேட்காமலே இரண்டு பக்கமும் இருபத்தெட்டு. முன்னால் வேறு ஃபோர்க் மாற்றி, பின்னால் மட்கார்டைத் தூக்கி, சக்கரத்தை அடாவடியாக உட்கார வைத்தான். மறுநாள் அவன் வெளியே போயிருந்த நேரத்தில் அவன் அம்மா கன்னியம்மாள் சைக்கிளை அவளிடம் எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டாம் நாள் பூவாயி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முழங்கையில் கட்டு.

"இது யாரு வண்டி?" என்று கேட்டாள்.

"உங்களுதுதான்..."

"என்னுது இல்ல. என்னுதுல ஒக்காந்தா காலு தரையில படும். இதுல படல. என்னுது திரும்பும். இது நான் வலிச்சு முடிக்கறதுக்குள்ள கள்ளிக்குப் போயிடுச்சு. திருப்பறப்ப கால் விரலு முன் மட்கார்டுல போய் இடிக்குது. பதினொரு கண்ணாடிங்க... ஒரே நாள்ல."

மன்னிப்பு என்று ஒரு சொல் தமிழில் இருக்கிறது. அவன் தொண்டை வரை அது வந்தது. ஆனால் இரண்டு வருஷம் முதல் பரிசு வாங்கியவனின் வாய் வேறொன்றைச் சொன்னது.

"பழகணும். ஓட்டத் தெரியாம வண்டியச் சொல்லக் கூடாது."

அவள் கண்கள் சிவந்தன. அழவில்லை.

"அப்ப நீங்க ஓட்டிக் காட்டுங்க. நாயித்துக்கெழம காலைல. இதே வண்டி. எனக்கு உங்க கடையிலேருந்து ஒரு இருபத்தாறு வாடகைக்குக் குடுங்க. ரெண்டு பேரு கூடையிலயும் டின்னு. டின்னுல இருபது அப்பளம். யாருது உடையாம வருதுன்னு பாத்துருவோம்."

ஞாயிற்றுக்கிழமை காலை. இரவு பெய்த மழையில் செம்மண் குழைந்து, முந்திரி இலைகள் சொட்டிக்கொண்டிருந்தன. அவன் முன்னால் போனான். அவள் பின்னால்.

வேர்கள் வந்தன. அவன் வண்டி மிதந்துகொண்டு போனது. டின்னில் சத்தமே இல்லை. பின்னால் அவளுடைய டின் மட்டும் கிலுகிலுவென்று கதறியது. 'பெரிய சக்கரம் நல்லாத்தான் போவுது...' என்று அவள் மனசு ஒத்துக்கொண்டது. வாய் ஒத்துக்கொள்ளவில்லை.

இரட்டைப் பனை வந்தது. அவன் ஒடித்தான். வண்டி யோசித்தது. வேகத்தில் போன பெரிய சக்கரம் போன வழியிலேயே போக ஆசைப்பட்டது. இன்னும் ஒடித்தான். அவன் கால் பெருவிரல் மட்கார்டில் போய் மாட்டியது. அவ்வளவுதான். டின் ஓடையில், அவன் கள்ளியில்.

அவள் பனைகளுக்கு நடுவே புகுந்து சுளுவாகத் திரும்பி அவன் பக்கத்தில் காலூன்றி நின்றாள். தன் டின்னைத் திறந்தாள். ஒரு அப்பளமாவது முழுசாக இருக்க வேண்டுமே... எல்லாம் தூள்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. அவனுக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. முழங்கையிலிருந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டே அவளுடைய கட்டைப் பார்த்தான். இதே இடத்தில், இதே புதரில், இவளும் விழுந்திருக்கிறாள். ஓட்டத் தெரியவில்லை என்று சொன்னோமே...

"வண்டிய எடுத்துட்டுப் போறேன்" என்றான். சைக்கிளைத் தூக்கி நிறுத்தித் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

சிரித்தது தப்போ என்று அவளுக்கு அன்று முழுக்க உறுத்தியது. 'ஆம்பளைக்கு ரோஷம் வந்துடுச்சு. வரட்டுமே, எனக்கு மட்டும் இல்லையா' என்று அவளும் கடைப் பக்கம் போகவில்லை. வாடகைச் சைக்கிளைத் திருப்பி அனுப்பிவிட்டு, மூன்று நாள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். எட்டு வீட்டுக்கு மேல் போக முடியவில்லை. ராமதாஸ் சார் பதிவேட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பதிவேட்டை மூடி வைத்தார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

நாலாம் நாள் காலை ஆபீஸ் வாசலில் அவள் சைக்கிள் நின்றது. பார்க்க விநோதமாக இருந்தது. முன்னால் பெரிய சக்கரம், பின்னால் அவளுடைய பழைய சின்னச் சக்கரம். முன் ஃபோர்க் முன்பக்கமாக நன்றாக வளைந்து சக்கரத்தைக் காலுக்கு எட்டாத தூரத்தில் நிறுத்தியிருந்தது. புதுசாகக் கறுப்பு வர்ணம் அடித்திருந்தது. சீட்டில் ஒரு துண்டுச் சீட்டு செருகியிருந்தது.

'முன்னாடி இருபத்தெட்டு, பெட்டிக்காக. பின்னாடி இருபத்தாறு, திரும்பறதுக்காக. ரெண்டு பேர் சொன்னதும் சரி. கால் தரையில் படும். நான் ஓட்டிப் பார்த்துட்டேன், விழவில்லை.'

கீழே பேர்கூட இல்லை. அவள் அதை நாலு முறை படித்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

அன்று தோப்பில் அவள் ஓட்டியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வேர்கள் வந்தன. முன் சக்கரம் ஒவ்வொன்றையும் ஏறி மிதித்து, கூடையை ஆட்டாமல் தாண்டியது. பின் சக்கரம் மட்டும் ஒரு குதி குதித்தது... குதிக்கட்டுமே, பின்னால் இருப்பது அவள்தானே, கண்ணாடியா? இரட்டைப் பனையில் இடப்பக்கம் சாய்ந்தாள். முன்பைவிட ஒரு கண் இமைப்பு முன்னதாகச் சாய வேண்டியிருந்தது. சாய்ந்ததும் பின்பக்கம் சொன்ன பேச்சைக் கேட்டுச் சுற்றி வந்தது. விரல் எங்கேயும் இடிக்கவில்லை. மழை முகத்தில் விழுந்தது. யாருமில்லாத பாதையில் அவள் சத்தமாகச் சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

அன்று பத்தொன்பது கண்ணாடி. ஒன்றும் உடையவில்லை. மறுநாள் இருபத்திரண்டு. அதற்கடுத்த நாளும் அப்படியே.

போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்... ஆனால் வாயைத் திறந்து பேசாமல் சீட்டு எழுதி அனுப்புகிறவரிடம் நானாகப் போய் நிற்பதா? அவர் வரட்டுமே என்று இவள் இருந்தாள். நன்றி சொல்வதற்காக மட்டும் வருவதென்றால் அவள் வரவே வேண்டாம் என்று அவன் இருந்தான். இப்படியே இரண்டு வாரம் ஓடியது.

ஜூலை பதின்மூன்றாம் தேதி ராமதாஸ் சார் கூப்பிட்டார். "பூவாயி, ரெண்டு வாரமா ஒரு கண்ணாடிகூட ஒடையல. என்னா மாயம் பண்ணினே?"

"முன் சக்கரத்த மாத்தினேன் சார்."

"நல்லது. வெளி வேலைக்கு உன் பேரத்தான் எழுதிட்டேன். தோப்பு உனக்குத்தான்."

கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. இந்தச் சேதியை முதலில் யாரிடம் சொல்ல வேண்டும் என்று மனசுக்குத் தெரிந்திருந்தது. ரோஷம் குறுக்கே நின்றது. அதற்கும் ஒரு வழி கிடைத்தது. நாளைக்குப் பதினாலாம் தேதி, கடற்கரையில் பந்தயம். வேடிக்கை பார்க்க ஊரே போகிறது, நானும் போனால் யார் என்ன சொல்ல முடியும்?

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, தலை நிறைய மல்லிகையோடு, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் நின்றாள். பட்டை பட்டையாக மெடல் குத்திய பழைய பட்டாளத்துச் சொல்தாக்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். இருபது பேர் வரிசையில் நின்றார்கள். நீலச் சைக்கிள் இல்லை. விசில் ஊதினார்கள், கிளம்பினார்கள். அவன் இல்லை.

"ரெண்டு வருசமா மொதலா வந்தானே நெல்லித்தோப்புக் கலியன், எங்க காணோம்?" என்று பக்கத்தில் ஒருவர் கேட்டார்.

"வண்டி இல்லியாமே" என்றார் இன்னொருவர்.

பூவாயி குனிந்து தன் சைக்கிளின் ஃபோர்க்கைப் பார்த்தாள். கல் தெறித்த இடத்தில் கறுப்பு வர்ணம் நகம் அளவு பெயர்ந்திருந்தது. பல நாள் பார்த்த இடம்தான்... யோசித்ததில்லை. அடியில் ஆகாய நீலம்.

நெல்லித்தோப்புக்கு அவள் எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கடை திறந்திருந்தது. அவன் தரையில் உட்கார்ந்து யாருடைய டியூபுக்கோ பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். பின் சுவரில், ஆணியில், நீலச் சைக்கிள் தொங்கியது. முன் ஃபோர்க்கும் முன் சக்கரமும் இருந்த இடம் காலியாக இருந்தது.

"ஏன் இப்படிப் பண்ணினீங்க?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "பெரிய மார்க்கெட்டு பக்கம் பழைய சாமான் கடை பூரா தேடிட்டேன். எல்லாம் நேர் ஃபோர்க்கு. எதப் போட்டாலும் உங்க விரலு இடிக்கும். இவ்ளோ வளைவு இதுல மட்டும்தான் இருந்துச்சு."

"பந்தயத்துக்காவது கழட்டி வாங்கிட்டு வந்திருக்கலாமே. நான் குடுக்க மாட்டேன்னா சொல்லப் போறேன்?"

"முடியாது. என் வண்டி ஒசரம், உங்க வண்டி குட்டை. ஃபோர்க்கோட கழுத்துத் தண்ட வெட்டித்தான் உங்களுதுல மாட்டினேன். இனிமே இதுல சேராது."

வெட்டிவிட்டார்... யாரையும் தொடவிடாத வண்டியை இவரே ரம்பம் போட்டு... பூவாயி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கடைத் தகரத்தின் மேல் சடசடவென்று கொட்டியது.

"ஓட்டத் தெரியாதுன்னு சொன்னேன்ல..." அவன் இப்போது நிமிர்ந்தான். "அதே முள்ளுல விழுந்தப்பதான் ஒறச்சுது. மன்னிச்சுருங்கன்னு சொல்ல வாய் வரல. கை வந்துச்சு."

"அந்தச் சீட்டுல ஒரு வரி எழுதியிருக்கலாம்."

"எழுதினா நன்றி சொல்ல வருவீங்க. எனக்கு நன்றி வேணாம்."

"வேற என்னா வேணும்?"

தகரத்தில் மழை. அவள் இமை நுனியில் மறுபடி ஒரு துளி... இது மழை இல்லை. இந்த முறை அவன் சொல்லிவிட்டான்.

"நீ வேணும், பூவாயி. மொத நாளு அந்த ஊசிய எறும்பு ஒசரம்னு சொன்னியே, அப்பயிலேருந்து நீதான் வேணும்."

அவள் சுவரில் தொங்கும் நீலத்தைப் பார்த்தாள், வாசலில் நனையும் தன் சைக்கிளைப் பார்த்தாள். பெரிதும் சின்னதுமாய் இரண்டு சக்கரம். அவன் ஜெயித்ததும் அவள் ஜெயித்ததும் ஒரே வண்டியில்.

"எனக்கு நெரந்தரம் ஆயிடுச்சு. நேத்து" என்றாள். "மொதல்ல உங்ககிட்டதான் சொல்றேன். எங்க அப்பாகிட்டகூட இன்னும் சொல்லல."

அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்துக்கொண்டே மேலே பேசினாள். 

"அப்பா பேரு முருகையன். மில்லுல வேல பாத்தவரு, கொஞ்சம் கோவக்காரரு. இன்னும் மூணு நாள்ல ஆடி பொறந்துடும். பொறந்துட்டா ஒரு மாசத்துக்கு எங்க வீட்டுல பொண்ணு கேட்டு யாரும் படியேறக் கூடாது. எனக்கு அவ்ளோ பொறுமை கெடையாது."

கலியபெருமாள் சொலூஷன் ஒட்டிய கையோடு எழுந்து நின்றான். எழுந்தவன் சுவரைப் பார்த்தான்.

"இன்னிக்கே வர்றேன். ஆனா எதுல வர்றது? எங்கிட்ட வண்டி இல்லியே."

பூவாயி வாசலுக்குப் போய்ச் சைக்கிளைத் திருப்பி நிறுத்தினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். சீட்டில் ஏறி ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். கால் நன்றாகத் தரையில் பட்டது.

"கேரியர்ல ஒக்காருங்க."

"ஊரு பாக்கும்..."

"பாக்கட்டும். பின்னாடி சின்னச் சக்கரம், கொஞ்சம் குலுக்கும். தாங்குவீங்களா?"

"ஆயுசுக்கும் தாங்குவேன்" என்று சொல்லி அவன் ஏறி உட்கார்ந்தான்.

நெல்லித்தோப்புத் தெரு முழுக்க வாசலுக்கு வந்து நின்று பார்த்தது. மழையில், அப்பாவைப் பார்க்க, கோரிமேட்டுப் பக்கமாக, பூவாயி நிமிர்ந்து உட்கார்ந்து மிதித்துக்கொண்டு போனாள்.